பாலைப் பலகையில் ஓர் ஆணி

1952 அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்தே மூடல். மழை இல்லை. புழுக்கம்.

சபையின் ஸ்தோத்திரப் பண்டிகை விற்பனைக்கு, ஒரே பலகையில் வெட்டும் மடக்குக் கூடை பன்னிரண்டு கொடுக்கணும். முடிந்தது நாலு. மிதிவாளுக்கு எண்ணெய் போட்டேன். தையல் மிஷின்போலக் காலால் மிதித்து மரம் அறுப்பது, வீட்டுக்காரர் விட்டுப்போனது. இதை ஓட்டும் பொம்பிளை இந்த வட்டாரத்தில் நான் ஒருத்திதான். படிப்பு அஞ்சாம் கிளாஸ். இருக்கட்டும்.

தங்கையா ஆசாரி பாலை மரத்துப் பலகை எட்டு கொண்டுவந்தார். கனமே இல்லை. போகிறபோது, "இசக்கி நின்ன மரமாக்கும் அம்மா. ஆரும் வாங்க மாட்டேன்னுட்டாவ. ஒங்களுக்குப் பயமில்லல்லா?"

"நாங்க வேதக்காரங்க, ஆசாரியே. பேயெல்லாம் எங்க பாட்டா காலத்துலயே ஓடிப் போச்சு."

பேத்தி செல்லத்துக்கு ஒன்பதாம் மாதம். டிரெயினிங் பாஸான டீச்சர், எங்கள் குடும்பத்தில் முதல் ஆள். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவளைப் பெற்ற அன்றுதான் என் மகள் மேரி போனாள். இதே வீடு. பிள்ளையை நான் வளர்த்தேன்.

செல்லத்தின் மாப்பிள்ளை கடிதம். மிஷன் ஆஸ்பத்திரியில் காட்டணுமாம். எதற்கு? நான் ஆறு பெற்றேன், ஆறும் வீட்டில். மருத்துவச்சி அன்னம்மாளுக்குச் சொல்லிவிட்டேன்.

அக். 7, செவ்வாய்

ஐந்தாவது கூடை. வாள் மேசையைக் கொஞ்சம் சரித்து வைத்து, பலகையில் சுருள் சுருளாக வெட்டு. சரிவு இருந்தால்தான் வளையம் ஒன்றையொன்று பிடித்து நிற்கும். நேராக வெட்டினால் கழன்று தொங்கிவிடும். மூன்றாம் சுற்றில் பிளேடு படீர். மாற்றினேன். அதே இடத்தில் மறுபடியும்.

உள்ளே ஆணி. வெளியே ஒரு துளை கிடையாது, மரம் மூடி வளர்ந்திருக்கிறது. குறடு போட்டு இழுத்தேன். விரல் நீளம், சதுர ஆணி, கொல்லன் அடித்தது. பிளேடு பாக்கி மூன்று.

ஆசாரியிடம் காட்டினேன். கையை நீட்டவில்லை. ரெண்டு எட்டு பின்னால் போனார்.

"எடுத்துட்டியளா? ஐயோ. பிள்ளத்தாச்சியாச் செத்தவள மந்திரவாதி மரத்துல அடிச்சு நிறுத்துன ஆணியில்லா அது!"

"சரி, இப்ப?"

"இப்ப அவ வெளியில."

சிரித்து அனுப்பினேன். அவர் போனதும் பட்டப்பகலில் கதவைத் தாழ் போட்டேன். ஏனென்று தெரியவில்லை.

அக். 9, வியாழன்

மழை. ஆறாவது கூடை முடிந்தது.

உச்சிப்பொழுதில் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மிதிவாள் சத்தம். டக் டக் என்று ரெண்டு மிதி, நின்றது. செல்லம் தூக்கம். போய்ப் பார்த்தால் சக்கரம் மெதுவாகச் சுற்றி ஓய்கிறது. பூனையாக இருக்கும்.

சுவரில் மடக்கிச் சாய்த்து வைத்த அந்த ஐந்தாவது கூடை முன்னால் தள்ளியிருக்கிறது. மாசமானவள் வயிறு மாதிரி. உள்ளே அமுக்கினேன். திரும்பி வந்து பார்த்தால் மறுபடியும் வயிறு. மழை ஈரத்தில் பாலை மரம் நெகிழும். அவ்வளவுதான்.

செல்லத்துக்குக் கால் வீங்கியிருக்கிறது. முகமும். தலை இடிக்கிறதாம், கண்முன் மின்னுகிறதாம். அன்னம்மாள் வந்து பார்த்தாள். "உப்பக் கொறைங்க, வடிஞ்சிரும்."

ஜெபம் பண்ணினேன். வார்த்தை நடுவில் நின்றது.

அக். 11, சனி

வேலை ஓடவில்லை. ஒரு கூடையும் இல்லை.

பகல் பன்னிரண்டு மணிக்குச் சுத்தியலும் ஆணியுமாகப் பின்புறத்துப் புளிமரத்தடிக்குப் போனேன். சபையில் யாராவது பார்த்தால் மானம் போகும். ரெண்டு தடவை சுற்றிப் பார்த்தேன். ஆணியை மரத்தில் வைத்தேன். ஓங்கினேன். கை இறங்கவில்லை.

ஆசாரி கணக்குப்படி பிள்ளைப்பேற்றில் செத்தவளெல்லாம் இசக்கி. அப்படியென்றால் என் மேரி? அவளை யார், எந்த மரத்தில்?

இதுவரை எங்கும் எழுதாதது. செல்லம் பிறந்த அன்றைக்கு மேரி சொன்னாள், "அம்மா, தலை இடிக்கி. கண்ணு மின்னுது. ஆஸ்பத்திரிக்குப் போவமா?" நான் சொன்னேன், "ஆறு பெத்தவளுக்குத் தெரியாததா? கெட பேசாம."

செல்லம் சுவரைப் பிடித்தபடி வந்தாள். "சுத்தியலும் கொண்டு இஞ்ச என்ன செய்யிதிய பாட்டி?"

ஆணிக் கதையைச் சொன்னேன். மேரி பேச்சைச் சொல்லவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். "பெரிய வேதக்காரி!" பிறகு சுத்தியலை வாங்கிக்கொண்டாள். "பாவம் பாட்டி. வயித்துல பிள்ளையோட நிக்கவள ஆணியடிக்கவா? இருந்துட்டுப் போட்டும்."

திண்ணென்று வீங்கின அவள் கை. மோதிரம் சதைக்குள் போயிருக்கிறது.

"இப்பமும் தலை இடிக்கா மக்ளே?"

"நிக்கவே இல்ல பாட்டி."

அக். 12, ஞாயிறு. ஆஸ்பத்திரி வராந்தா

ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. விடிந்ததும் வில்வண்டி பிடித்தேன். வைக்கோல், தலையணை, பழந்துணி, வேதப்புஸ்தகம், சீப்பு. செருப்பு மறந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் அன்னம்மாள். "என்னை நம்பலியா அக்கா?"

"ஒன்ன நம்பாம இல்லட்டி. என்னத்தான் நம்பல."

வழியெல்லாம் செல்லம் என் மடியில் தலை வைத்து, "அம்மா, அம்மா" என்று. ஒரு நாளும் பார்த்திராத அம்மா.

டாக்டரம்மா பிரஷர் பார்த்தாள். முகம் மாறியது. "நாளைக்கு வந்திருந்தா ரெண்டு உயிரும் இல்ல." உள்ளே கொண்டுபோய்க் கதவை அடைத்தார்கள்.

மூன்று மணிக்கு அழுகைச் சத்தம். பெண். சின்ன உருப்படி, பெரிய தொண்டை. செல்லம் கண் திறந்து என்னைத் தேடினாள். பிழைத்துக்கொள்வாளாம். வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஆர் பார்த்தால் என்ன?

இருட்டுவதற்குள் நர்ஸ் நோட்டோடு வந்தாள்.

"ராத்திரி துணைக்கு நிக்கது ஆரெல்லாம் அம்மா?"

"நானும் செல்லத்தப் பெத்த அம்மையும்."

வாய் தவறிச் சொல்லவில்லை. நர்ஸ் என் பின்னால் எட்டிப் பார்த்தாள். ரெண்டு பேர் என்று எழுதிக்கொண்டு போனாள்.