ராத்தா வீட்டுக்குக் கொடுத்த வைஃபை

ஜூலை 8, செவ்வாய்

இன்றும் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு ராத்தா வந்தா. ஸலாம் சொன்னதோடு சரி, நேரே ஹோலில் போய் போனோடு உட்கார்ந்துவிட்டா. வாப்பா தன் மூத்த மகள் ராத்தாவுக்கும் இளையவள் எனக்கும் பக்கத்துப் பக்கத்தில்தான் வீடு கட்டித் தந்தார். ஆனாலும் நடுவில் மதில். எங்கள் வைஃபை அதைத் தாண்டுவதில்லை. கத்தாரில் இருக்கும் தன் மகன் முர்ஷித்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ராத்தா இங்குதான் வரவேண்டும்.

என் கணவர் மௌத்தான முதல் கிழமை வீடு கொள்ளாத சனம். இப்போது ஒருவருமில்லை. விதவை நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கிற இத்தாவில் இருப்பதால் நான் வெளியே போக முடியாது. ராத்தா மட்டும் வருகிறா. மகனோடு அரை மணித்தியாலம், அதன் பிறகு என்னோடு கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் என்ன கதைக்கலாம் என்று காலையிலிருந்து மனதுக்குள் சேர்த்து வைக்கிறேன். இதை அவவிடம் சொல்ல மாட்டேன். பெருமைக்காரி நான்.

ஜூலை 11, வெள்ளி

ராத்தாவின் முழங்கால் வீங்கியிருக்கிறது. மதிலில் கதவு இல்லை, றோட்டால் சுற்றித்தான் வரவேண்டும். முர்ஷித் தாயைப் பார்த்துக் கவலைப்பட்டான். எங்கள் பழைய ரவுட்டர் கிடந்தால் அதைத் தங்கள் வீட்டில் வைத்து, மதிலுக்கு மேலால் ஒரு வயர் இழுத்தால் போதுமாம். பழசு இருக்கிறது. இவர் எதையும் வீசுகிற மனிசன் இல்லை, அலுமாரிக்கு மேலே பத்திரமாக வைத்திருந்தார்.

நான் ஓம் என்றேன். வீங்கின காலைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்வது?

ஜூலை 17, வியாழன்

வயர் இழுக்க ஆள் வந்தான். அந்நிய ஆண் என்பதால் அவன் போகும்வரை நான் அறைக்குள். கதவுக்கு அந்தப் பக்கம் என்னத்தை எங்கே செருகினானோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். "எல்லாம் சரி உம்மா" என்று கதவுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஒன்றும் சரியில்லை. இரண்டு வீட்டிலும் வைஃபை காட்டுகிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை. ராத்தாவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. நல்ல பங்கு.

ஜூலை 20, ஞாயிறு

மொபைல் டேட்டாவில் முர்ஷித் வந்தான். என்ன நடந்தது என்று இப்போது விளங்குகிறது, மறக்க முன் எழுதி வைக்கிறேன். வீட்டிலிருக்கும் ஒவ்வொரு போனுக்கும் ஒரு எண் உண்டு. வெளி உலகத்துக்குப் போகிற எல்லாம் கேட்வே என்கிற ஒரே வாசலால்தான் போகவேண்டும். அந்த வாசலுக்கும் ஓர் எண். எங்கள் இரண்டு ரவுட்டரும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு நான்தான் வாசல், நான்தான் வாசல் என்று நிற்கின்றன. பழசு வெறும் வாசல்தான், அதற்குப் பின்னால் றோட்டே இல்லை. அதைத் தட்டின போனெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது.

பழசின் எண்ணை மாற்ற வேண்டும். மற்றவைக்கு எண் கொடுக்கிற வேலையையும் அதனிடமிருந்து பறிக்க வேண்டும். நிறம் வேறாக உள்ள ஓட்டையை விட்டு மற்ற ஓட்டைகளில் ஒன்றில் வயரைச் செருக வேண்டும். பிறகு அது வாசலாக இராது, வைஃபையை மட்டும் கொடுக்கும்.

நான் அங்கே போக முடியாதே. ராத்தா ரவுட்டரை சொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வந்தா. சாப்பாட்டு மேசையில் வைத்து, முர்ஷித் சொல்லச் சொல்ல எண்ணை மாற்றினேன். முர்ஷித்துக்குக் காட்டுங்க என்று போனைக் கொடுத்தால் அவ சீலிங்கைக் காட்டுகிறா. "உம்மா, எனக்கு ஃபேன் மட்டும்தான் தெரியிது" என்று அவன் கத்த, இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். இத்தாவில் இருக்கிறவள் இப்படிச் சிரிக்கலாமா என்று யோசித்தேன். யோசித்துவிட்டு மறுகாவும் சிரித்தேன்.

ஜூலை 21, திங்கள்

மதிலுக்கு அப்பால் இருந்து ராத்தாவின் குரல்: "வேல செய்யிதுகா!"

ஜூலை 22, செவ்வாய்

வரவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

ஒரு கிழமையாகிவிட்டது. இன்று எனக்கு வீடியோ கோல் எடுத்தா, பக்கத்து வீட்டிலிருந்து. அவவுடைய அடுப்பில் கீரி மீன் கொதிப்பது என் போனில் தெரிந்தது, அதே வாசம் என் ஜன்னலால் வந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டா. நல்லா இரிக்கன் என்றேன். அதோடு முர்ஷித்தின் கோல் வந்துவிட்டது, வைத்துவிட்டா.

என்ன நல்லா இரிக்கன்? பொய். யாரோடும் கதைக்காமல் தொண்டை காய்ந்து கிடக்கிறது. நானே வயர் இழுக்க வைத்து, நானே எண் மாற்றி, வந்துகொண்டிருந்த ஒரே ஆளையும் வராமல் ஆக்கிவிட்டேன். படிக்கத் தெரிந்த எனக்கு இது ஏன் விளங்கவில்லை?

அவவில் பிழை இல்லை. கால் நோகுது. ஆனாலும் — என்னைப் பார்க்க என்று ஒரு நாளாவது வரக்கூடாதா?

ஆகஸ்ட் 6, புதன்

இன்று அசருக்கு முன், ராத்தா வீட்டுக்குப் போகிற வயரை என் ரவுட்டரிலிருந்து கழற்றினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

கேட் சத்தம் கேட்டது. ராத்தா. சோபாவில் இருந்து மகனோடு கதைத்து முடித்தா. எழும்பும்போது ரவுட்டருக்குக் கீழே தொங்கின வயரைக் கண்டுவிட்டா.

"தானா கழண்டு பெய்த்தா, நீ கழட்டினயா?"

"கழட்டினன்."

ராத்தா என் பக்கம் திரும்பினா. "வாங்க எண்டு செல்லி இரிக்கலாமே புள்ள."

"செல்லினா வருவீங்க எண்டு தெரியும். செல்லாம வரணும் எண்டு ஆசப்பட்டன்."

ராத்தா மெல்லக் குனிந்து வயரை எடுத்து, செருகக் கூடாத ஓட்டையில் செருகினா. அவ போன பிறகு மாற்றிச் செருகினேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அசர் முடிந்து தேத்தண்ணி ஊற்றும்போது என் போன் அடித்தது. முர்ஷித். பயந்துபோன குரல். வைஃபை இருக்கிறது, கோல் போகிறது, அரை மணித்தியாலமாக உம்மா எடுக்கவே இல்லையாம். "சாச்சி, உம்மாக்கு என்னவும் சுகமில்லயா? எங்க அவ?"

"இஞ்சதான் இரிக்கா" என்றேன். "போன வீட்ட வெச்சிட்டு வந்திரிக்கா."