அப்பா சைக்கிளைத் தள்ளிக்கிட்டே போனது ஏன்

அன்பு மகள் மெர்சிக்கு, ஜீவனஹள்ளியிலிருந்து அம்மா எழுதறது. மாதா புண்ணியத்துல நான் சுகம், மஸ்கட்டுல நீயும் சுகமா இருக்கணும். அப்பாவும் சுகம்னு எழுதத்தான் பேனா எடுத்தேன், கை வரலை. போன்ல சொல்லலாம்னா இந்த ஒத்த ரூம்ல அவர் காது பக்கத்துலயே இருக்கு. உன்கூட வேலை பார்க்கற தமயந்தி லீவு முடிஞ்சு திரும்பறா, அவ கையில குடுத்து விடறேன்.

ஒரு வருஷமா உங்கப்பா மார்க்கெட்டுக்கு சைக்கிள்ல ஏறாம தள்ளிக்கிட்டே போனாரு. சைக்கிளை வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்களான்னு தெருவுக்கே கேக்கற மாதிரி நான் கிண்டல் பண்ணேன். மனுஷன் சிரிச்சுக்கிட்டே தள்ளிட்டுப் போயிடுவாரு. நாலு மாசம் முன்னாடி கோயில்ல நற்செய்தி வாசிக்கறப்ப எல்லாரும் நிக்க, இவர் பாதியில உக்காந்துட்டாரு, கண்ல தண்ணி. ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். டாக்டரம்மா யசோதா முதல்ல கேட்டதே, நடக்கும்போது முன்னால குனிஞ்சா கால் வலி குறையுதான்னுதான். ஆமாம்மா, ஹேண்டில்பாரைப் பிடிச்சுக் குனிஞ்சாதான் நடக்கவே முடியுதுன்னாரு. எனக்கு அங்கேயே செத்துடலாம் போல இருந்துச்சுடி.

இடுப்புக்கிட்ட முதுகெலும்புக்குள்ள நரம்பு போற வழி குறுகிப் போச்சாம். ஊசி, எக்சர்சைஸ் எல்லாம் பார்த்தாச்சு, கொஞ்ச நாள் தேவலை, திரும்ப அதே கதை. இப்ப பாதத்துல பலம் குறையுது, தள்ளிப் போட்டா போன பலம் திரும்பாம போகலாம்னு சொல்றாங்க. ஆபரேஷன் ரெண்டு விதமாம். நரம்பை அழுத்தற எலும்பையும் தடிச்ச ஜவ்வையும் மட்டும் எடுக்கறது ஒண்ணு. எலும்பு நழுவியிருந்தா கூடவே ஸ்க்ரூவும் கம்பியும் வெச்சு இணைக்கறது இன்னொண்ணு. அப்பாவுக்கு நழுவலை, முதல் வகையே போதுமாம், மறுநாளே நடக்க வைப்பாங்களாம். கால் வலி நல்லா குறையும், இடுப்பு வலி கொஞ்சம் இருக்கலாம்னும் ஒளிக்காம சொன்னாங்க.

அவரோ முடியவே முடியாதுன்னு பிடிவாதம். கோலார் சுரங்கத்துல பயப்படாத மனுஷன், முதுகுல கத்தி வெச்சா படுக்கைதான்னு பயப்படறாரு. அதோட, மெர்சிக்குத் தெரிஞ்சா அங்க புது வேலைக்கு மாறின ரெண்டே மாசத்துல விட்டுட்டு ஓடி வந்துடும்னு வேற. திட்டினேன், கெஞ்சினேன், நடக்கலை. முந்தாநாள் அவர் மார்க்கெட்டுக்குக் கிளம்ப, நானும் கூடப் போய் சைக்கிளோட இன்னொரு பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டேன். கிண்டல் பண்ணது தப்பு, மன்னிச்சிடுங்கன்னேன். கல்யாணம் ஆகி முப்பது வருஷத்துல முதல் தடவை. கொஞ்ச தூரம் போய் நின்னு, சரி மேரி, தேதி வாங்குன்னாரு. வர்ற பதினெட்டாம் தேதி ஆபரேஷன்.

வான்னும் எழுத மாட்டேன், வராதேன்னும் எழுத மாட்டேன், உன் மனசு. வேளாவேளைக்குச் சாப்பிடு, மாதா உன்னைக் கைவிடாம காப்பாத்தட்டும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. நீ அனுப்பின நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டு எழுந்து நின்னு காட்டுங்கப்பான்னு இனிமே வீடியோல கேக்காதே. சட்டை அழுக்காகிடும்னு அவர் சொன்னது பொய், நிக்க முடியலை. நேத்து அதை மடிச்சு ஆஸ்பத்திரிப் பையில வெச்சுக்கிட்டிருந்தாரு. எதுக்குன்னு கேட்டேன். எழுந்து நிக்கற அன்னிக்கு மெர்சிக்குக் காட்டணும்னாரு.

உன் அம்மா,
லூர்துமேரி