அறுபது சென்டிமீட்டர் கர்வம்

மார்ச் 4, செவ்வாய்

இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக எங்கள் அணி வடிவமைக்கும் நூலகத்தில் மேல்தளத்தைத் தாங்கும் பீமின் கணக்கை இன்று முடித்தேன். பூமி ஒரு நொடி சுற்றுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது. மேலிருந்து கீழாக ஆழம் அறுபது சென்டிமீட்டர்! அதன்மேல் நூறு யானைகள் கயிறு தாண்டி விளையாடலாம்.

அணியில் மூன்று பேர். கட்டடத்தின் எலும்புக்கூடு அடியேன் பொறுப்பு. காற்றும் வெளிச்சமும் அக்கா மகளுக்கு. ஒலி யாருக்கு? வாயே திறக்காத ஒருவனுக்கு. மௌனசாமி என்று நாமகரணம் செய்திருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

வகுப்பில் எல்லோருக்கும் வயது இருபத்தொன்று. எனக்கு அதில் இரண்டு மடங்கு, மேலே கொஞ்சம் சில்லறை. கல்லூரிக்குள் 'மாமா' என்று கூப்பிட மாட்டேன் என்று அக்கா மகள் சட்டம் போட்டிருக்கிறாள்.

"அப்ப எப்படித்தான் கூப்பிடுவ?"

"ஹலோன்னு கூப்பிடுவேன். திரும்பிப் பாருங்க, போதும்."

இருபத்திரண்டு வருடம் முன்பு கடைசி ஆண்டில் பாதியில் ஓடிப்போனவன் நான். பட்டம் இல்லாததால் வேலை பார்க்கும் கட்டுமான அலுவலகத்தில் படம் வரையலாம், கணக்குப் போடக் கூடாது. திரும்பி வந்து படிப்பை முடிக்கும் பழைய மாணவர்களுக்கு இந்த ஆண்டோடு கதவைச் சாத்துகிறார்கள். அணிக்கு ஒரே மதிப்பெண் வேறு. நான் கவிழ்ந்தால் அவர்கள் இருவரும் சேர்ந்து கவிழ்வார்கள். கெட்டிக்காரர்கள் நாலு பேர் கூப்பிட்டும் போகாமல் என்னோடு சேர்ந்தவள் அக்கா மகள். ஏன் என்று கேட்டால், "அம்மா தொல்லை தாங்கல" என்கிறாள். நம்பவில்லை.

மார்ச் 12, புதன்

மகா பிரளயம்.

அட்டையில் மாதிரிக் கட்டடம் ஒட்டிக்கொண்டிருந்தோம். நிஜத்தில் இருபது சென்டிமீட்டர் என்றால் அட்டையில் ஒன்று. அக்கா மகள் குளிர்காற்றுக் குழாயை பீமுக்கு அடியில் செருகினாள். போகவில்லை. திருப்பினாள். போகவில்லை. நான் ஒரு தள்ளு தள்ளினேன். பீம் பிய்ந்து மௌனசாமியின் மடியில் விழுந்தது.

"குழாயைத் தப்பா வெட்டிட்ட" என்றேன்.

"நீங்க குடுத்த உயரத்துக்குத்தான் வெட்டினேன். பீமோட அடிப்பக்கம் முந்நூறு சென்டிமீட்டர் உயரத்துல, அப்படித்தானே சொன்னீங்க?"

"ஆமா, முந்நூறுதான்!"

அப்போதுதான் மௌனசாமி திருவாய் மலர்ந்தான். "எங்கேருந்து முந்நூறு?"

வெற்று கான்கிரீட் தளத்திலிருந்து. கட்டுமான இடத்தில் அப்படித்தான் அளப்போம், டேப்பை வைக்க அது ஒன்றுதானே இருக்கும். அவளோ நடக்கும் தரையிலிருந்து அளந்திருக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் கேபிள்கள் ஓடப் பதினைந்து சென்டிமீட்டர் இடம் விட்டிருக்கிறோம். ஆக, அவள் நினைத்ததைவிட பீம் பதினைந்து கீழே. குழாய் என் பீமுக்குள் பன்னிரண்டு சென்டிமீட்டர் குடிபுகுந்துவிட்டது.

"சொல்ல வேண்டியதுதானே, மாமா!" அவள் போட்ட சட்டம் அவளாலேயே காற்றில் பறந்தது. கண் கலங்கியிருந்தது. திட்டத்தை மதிப்பிட நடுவர்கள் வர இன்னும் ஆறு நாள்.

மார்ச் 13, வியாழன்

குழாயைச் சிறிதாக்கினால் காற்று போதாது. மேல்தளத்தை உயர்த்தினால் படிக்கட்டு முழுவதும் மாறும். மிச்சம் என்ன? என் பீம். அதை யார் தொடுவது? தொட விடுவேனா நான்?

— விடத்தான் வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

காலை ஏழு மணிக்கே கணக்கைப் பிரித்து உட்கார்ந்தேன். அட மடையா! புத்தகங்களின் எடைக்கு விதிப்படி பாதுகாப்புக்காகக் கூடுதல் எடை சேர்த்திருக்கிறேன். அதற்கு மேல் என் பங்குக்கு ஒரு பாதி. அதற்கும் மேல், ஆழத்தை முழு எண்ணாக்க இன்னும் கொஞ்சம். வாய் அளக்கிற மாதிரியே கையும் அளந்திருக்கிறது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன். நாற்பத்தைந்து போதும். கம்பியைக் கொஞ்சம் கூட்டினால் எடையில் பீம் வளைவதும் விதிக்குள் அடங்குகிறது. பீமின் அடிப்பக்கம் பதினைந்து சென்டிமீட்டர் மேலே ஏறும். குழாய் போய், மூன்று சென்டிமீட்டர் மிச்சமும் இருக்கும்!

கூரைமேல் ஏறிக் கூவலாம் போல இருந்தது. போனில் அக்கா மகளிடம் கூவினேன்.

"நிஜமாவா? உங்க கணக்கா, இல்ல நிஜக் கணக்கா?"

"நீயே போட்டுப் பாரு."

போட்டாள். அரை மணியில் திரும்பக் கூப்பிட்டு, "நாப்பத்தஞ்சுதான்" என்றாள். குரலில் சிரிப்பு.

மார்ச் 18, செவ்வாய்

வெளியிலிருந்து வந்த நடுவர் ஒரு பெண்மணி. எங்கள் அறிக்கையின் பழைய வரைவைப் புதியதோடு வைத்துப் பார்த்தார்.

"இதுல அறுபது, அதுல நாப்பத்தஞ்சு. ஏன்?"

முன்னேற்றம், ஆய்வு, சிக்கனம் என்று ஒரு பிரசங்கமே தொண்டையில் தயாராக நின்றது. விழுங்கினேன். "எடையைக் கூட்டிச் சொல்லிட்டேன் மேடம். எங்கேருந்து அளந்தேன்னும் சொல்லல."

"நானும் கேக்கல மேடம்" என்றாள் அக்கா மகள்.

"கட்டினதுக்கப்புறம் தெரிஞ்சிருந்தா?"

"பீமை இடிக்க முடியாது. என்னைத்தான் இடிச்சிருப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை. எதையோ நீளமாக எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 9, புதன்

மூவரும் தேறிவிட்டோம்! அக்கா போனில் அழுதாள். மௌனசாமி "சூப்பர்" என்றான். இந்த ஆண்டில் அவன் பேசிய இரண்டாவது வாக்கியம்.

ஜூன் 2, திங்கள்

அலுவலகத்தில் முதல் கணக்கு தந்தார்கள். சைக்கிள் நிறுத்தும் கொட்டகை, நான்கு தூண். மேலாளர் படத்தைப் பார்த்துவிட்டு, "பீம் இவ்வளவு சின்னதாவா? தாங்குமா?" என்றார்.

"தாங்கும்" என்றேன். யானைகளைக் கூப்பிடவில்லை.