வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்?

இன்று காலை கிள்ளான் நீதிமன்ற லாக்கப்புக்கு இறங்கினேன். பினாயிலும் வியர்வையும் கலந்த அதே வாடை. நீ இறந்துபோன பிறகு முதன்முறையாக உன் குரல் காதருகே கேட்டது: "டேய், இழவு வீட்டுக்கா வந்திருக்கே? டையக் கொஞ்சம் லூசாக்கு லா."

அப்போது பிரிக்பீல்ட்ஸ் அலுவலகம் ஒன்றில் நாம் இருவரும் பயிற்சி வழக்கறிஞர்களாக இருந்தோம். வாதாட ஆளில்லாத கைதிகளிடம், மாஜிஸ்திரேட் வருமுன் கம்பிக்கு இப்பால் நின்று பேசுவது நமக்கு இடப்பட்ட வேலை. மோட்டார் சைக்கிள் திருடியதாகப் பிடிபட்ட லோரி உதவியாளன் ஒருவன் உன்னிடம் கேட்டான்.

"மிஸ், ஒத்துக்கிட்டா சீக்கிரம் விட்டுருவாங்களா?"

"நீ எடுத்தியா?"

"இல்ல மிஸ்."

"அப்புறம் ஏன் ஒத்துக்கணும்? விசாரணை கேளு."

சட்டப்படி நீ சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை.

ஜாமீன் நிற்க அவனுக்கு யாருமில்லை. விசாரணை தள்ளிக்கொண்டே போயிற்று. கடைசிவரை அரசுத் தரப்புச் சாட்சி வரவில்லை, விடுவித்தார்கள். ஒத்துக்கொண்டிருந்தால் கிடைத்திருக்கும் தண்டனையைவிட நீண்ட காலம் அதற்குள் அவன் உள்ளே இருந்துவிட்டான். தாழ்வாரத்தில், குரலை உயர்த்தாமல் சொன்னான்: "நீங்க நல்லவங்க மிஸ். ஆனா அன்னிக்கே ஒத்துக்கிட்டிருந்தா எங்கம்மாவுக்கு நான் கொள்ளி வெச்சிருப்பேன்."

அதன்பின் எந்தக் கைதியிடமும் நீ குற்றத்தைப் பற்றி முதலில் கேட்டதில்லை. "வீட்டுல யாரு காத்திருக்காங்க?" என்றே தொடங்கினாய்.

இன்று நானும் அப்படித்தான் தொடங்கினேன். பாசாரில் மீன் வெட்டுகிறவன். கைப்பேசி திருடியதாக வழக்கு.

"எங்கம்மா மட்டும்தான் அங்கிள். அவங்கள டயாலிசிஸுக்கு நான்தான் கூட்டிட்டுப் போவேன்."

"நீ எடுத்தியா?"

"சத்தியமா இல்ல."

ஒத்துக்கொள்ளாதே என்றேன். ஜாமீன் நிற்க ஆள் வராவிட்டால் என்ன நேரும் என்பதையும் மறைக்கவில்லை.

கூண்டில் குற்றச்சாட்டை வாசித்ததும் ஒத்துக்கொண்டான். நான் எழுந்து, அவன் எனக்குச் சொன்னது வேறு என்றேன். மாஜிஸ்திரேட் மறுபடி கேட்டார். "ஆமா துவான், நான்தான் எடுத்தேன்," என்றான், என்னைப் பார்க்காமல், முன்னிலும் உரக்க.

ஒரு நாள் சிறை, நீதிமன்றம் கலைவதோடு அதுவும் முடியும். மாலையில் வீட்டில் இருப்பான். எல்லோரும் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். அடுத்த வழக்கை அழைத்தார்கள்.

இத்தனை ஆண்டுகளில் சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள், குளிரூட்டி மாட்டினார்கள். குற்றமற்றவன் வீடு திரும்ப இன்னும் பொய்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. உனக்குச் சொல்ல என்னிடம் ஆறுதல் எதுவுமில்லை. நாளையும் இறங்குவேன், உன் கேள்வியைத்தான் கேட்பேன். கம்பிக்குள் நிற்பவன் பதில் சொல்லி முடிக்குமுன்பே, செய்யாததையும் ஒத்துக்கொள்ளப் போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும்.