உள்ளே விட்ட துணி

அக்கா,

பையின் ஜிப்பைத் திறந்ததும் முதலில் வந்தது உங்கள் யூகலிப்டஸ் எண்ணெய் வாசனைதான். அடுத்து ஏலக்காய். காரில் டீ கொட்டிய துணித் துண்டு அப்படியே இருக்கிறது, கறையும் போகவில்லை. எதை எங்கே வைத்தோம் என்று வீடு முழுக்கத் தேடி அலைகிறவள் நான். ஆனால் கட்டிலுக்கு அடியில் தள்ளிய இந்தப் பையை மட்டும் ஒரு நாளும் மறக்கவில்லை. தெரிந்தேதான் தொடாமல் இருந்தேன், தொட்டால் கோபம் வரும் என்று. இதோ, வந்துவிட்டது.

உங்கள் மகள் வருகிறாள். உங்கள் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு டொராண்டோவிலிருந்து யாழ்ப்பாணம் போகிற வழியில் இங்கே ஷார்ஜாவில் சில நாள் இறங்குகிறாளாம். போனில் கேட்டாள்: "ஆன்ட்டி, அம்மான்ர குவில்ட் உங்களிட்டத்தானே இருக்கு? கோல் எடுக்கிற நேரமெல்லாம் அம்மா அதைப் பத்தித்தான் கதைப்பா. அது ரெடியா? நான் அதைக் கொண்டு போகோணும்." ரெடி என்று சொல்லிவிட்டேன். நீங்கள் போன பிறகும் உங்களுக்காக நான் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரெடியாவது ஒன்றாவது! இப்போது மேசை மேல் இரண்டு அடுக்காக வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் நான் தைத்த சதுரங்கள், அந்தப் பக்கம் நீங்கள் தைத்தவை. ஒரே அளவில் வெட்டிய பட்டைகள். என்னுடைய சுங்குடி, உங்களுடைய கைத்தறி, துபாய் சத்வாவில் துணிக்கடைக்காரர்கள் மிச்சம் என்று அள்ளிக் கொடுத்தவை. நான்கு நான்காகப் பக்கத்தில் வைத்துத் தைத்தால் ஒரு சதுரம், இவ்வளவுதான் வேலை. இதில் தப்பு செய்ய ஒருத்தி தனியாக முயற்சி எடுக்க வேண்டும். நீங்கள் எடுத்தீர்கள்.

நீங்கள் மொத்தமாக ஊருக்குப் போகும்போது எடுத்துப் போக வேண்டும் என்றுதான் இந்த ஒட்டுத்துணிப் போர்வையையே தொடங்கினோம். லிப்டில் பழகி, மாடிக்கும் கீழுக்குமாகக் குழம்புக் கிண்ணம் ஏறி இறங்கி, ஷார்ஜாவில் இருந்த காலமெல்லாம் நாம் சேர்ந்து செய்த ஒரே உருப்படியான காரியம். "ஊரில பனிக்கு இதைத்தான் போர்ப்பன், உம்மை நினைச்சுக்கொண்டு படுப்பன்" என்றீர்கள். யாழ்ப்பாணத்தில் என்ன பெரிய பனி என்று நான் கேட்டதற்கு, மார்கழியில் வந்து பார்க்கச் சொன்னீர்கள்.

கோர்பக்கானில் கடலோரத்தில் ஒரு விருந்தினர் விடுதி, அதில் வெள்ளி முதல் ஞாயிறு வரை போர்வை தைக்கிற பெண்களுக்கு ஒரு முகாம் என்று நான்தான் கண்டுபிடித்தேன். மார்ச் மாதம், வெயில் இன்னும் கடிக்க ஆரம்பிக்காத நாட்கள். கேம்ப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர், "இருக்கிற லேபர் கேம்ப்புல எல்லாம் ஆம்பளைங்க வெளிய வரத் தவிக்கிறாங்க, நீ காசு கொடுத்து உள்ள போறியா?" என்று சிரித்தார். அவருக்கு எங்கே தெரியும்? அங்கே மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கிற பெரிய மெஷின் ஒன்று இருந்தது. நம் வீட்டு மெஷினில் அது நடக்காது. வெள்ளி சாயங்காலம் நாலு மணிக்குள் சதுரங்களை ஒரே மேல்துணியாக இணைத்துக் காட்டுகிறவர்களுக்கு மறுநாள் அதில் முறை. இதை உங்களுக்கு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! புறப்படும் முன் உங்கள் சதுரங்களைக் கொண்டு வாருங்கள், என்னுடையதோடு வைத்துப் பார்ப்போம் என்றும் கேட்டேன். "அங்க போய்ப் பாப்பம்" என்றீர்கள்.

எனக்கு லைசென்ஸ் இல்லை. பார்க்கிங் டெஸ்டில் திரும்பத் திரும்பப் பெயில் ஆகி, அந்த இன்ஸ்ட்ரக்டருக்கே என் முகம் அலுத்துப் போயிருந்த காலம். அதனால் காரும் உங்களுடையது, பாதையும் உங்களுடையது. மலையைக் குடைந்து போட்ட புது ரோட்டில் போனால் ஒரு மணி நேரம். நீங்கள் தைத் வழியாக, மஸாபி வழியாகப் பழைய ரோட்டைப் பிடித்தீர்கள்.

"அக்கா, புது ரோடுன்னுதான பேசினோம்?"

"உந்தப் புது ரோட்டில என்ன கிடக்கு? ஒரு குகைக்குள்ளால போய் மற்றக் குகைக்குள்ளால வாறது. இருந்து பாரும், மழைக்கு மணலெல்லாம் பச்சையாக் கிடக்கு."

பச்சையாகத்தான் கிடந்தது, இல்லையென்று சொல்லவில்லை. மணல்மேட்டின் மேல் பூஞ்சை படர்ந்த மாதிரி ஒரு மெல்லிய பச்சை. கார்களை இறக்கி நிறுத்திக் குடும்பம் குடும்பமாகக் கறி சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் எண்பதிலா அக்கா ஓட்டுவது? பின்னால் லாரிக்காரன் விளக்கடித்தான், நீங்கள் அவனுக்குக் கையாட்டினீர்கள். தைதில் ஸ்ட்ராபெரி வாங்க நிறுத்தினீர்கள். வாங்கினால் போதாதா, தோட்டத்துக்குள் போய்ப் பறிக்கவும் வேண்டும். அதற்கப்புறம் ரோட்டோர டீக்கடை. ஹார்ன் அடித்தால் காருக்கே கொண்டு வந்து கொடுக்கிற கடை, ஓர் ஏலக்காய் டீயோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். கடைக்காரர் மலப்புறத்துக்காரர் என்று தெரிந்ததும், அவர் மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்த கதை வரை கேட்டீர்கள். ரெண்டாவது டீதான் மடியில் வைத்திருந்த அந்தத் துணித் துண்டின் மேல் கொட்டியது.

மஸாபிக்கு முன்னால் ஒரு மரத்தைப் பார்த்து மறுபடியும் பிரேக் போட்டீர்கள். இங்கே பாலைவனம் முழுக்க நிற்கிற காஃப் மரம்தான். நம் ஊர்க் கோயில்களில் நிற்கிற வன்னியும் அதுதான் என்று எப்போதோ யாரோ சொன்னதிலிருந்து உங்களுக்கு அது காஃப் இல்லை.

"எங்கட வன்னி மரமெல்லே! ஒருக்கா நிப்பாட்டுவம்."

"அக்கா, மணி என்னாச்சு தெரியுமா? நாம போய்ச் சேருறதுக்குள்ள எல்லாரும் தச்சு முடிச்சு வீட்டுக்குப் போயிருவாங்க."

"இஞ்ச பாரும், ஏன் இப்பிடிப் பதகளிக்கிறீர்? கடல் ஓடிப்போகாது."

செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தைத் தொட்டுக் கும்பிட்டீர்கள். நிழலில் விரிப்பைப் போட்டு ஸ்ட்ராபெரிப் பெட்டியையும் பிரித்தாகிவிட்டது. நான் காருக்குள் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டுமென்றேதான். நீங்கள் கண்ணாடியைத் தட்டி ஒரு பழத்தை நீட்டியபோது எனக்கு அழுகையே வந்தது, அவ்வளவு எரிச்சல். மஸாபிச் சந்தையில் பூந்தொட்டி பேரம் பேசியதை எழுதவே போவதில்லை.

கோர்பக்கான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை அழைப்பு கேட்டுக்கொண்டிருந்தது. முகாம் நடத்துகிற தென்னாப்பிரிக்க அம்மா, நரைத்த தலையும் கழுத்தில் அளவு நாடாவுமாக வாசலிலேயே நின்றார். மெஷினுக்கு முறை எல்லாம் கொடுத்தாகிவிட்டது, யாராவது விட்டுக்கொடுத்தால் ஞாயிறு காலையில் பார்க்கலாம் என்றார். ஒரு பிலிப்பைன் பெண் விட்டும் கொடுத்தாள். ஆக, எல்லாம் கெட்டுப்போகவில்லை. சனிக்கிழமை சதுரங்களைத் தரையில் பரப்பும் வரை எனக்கு நம்பிக்கை இருந்தது.

உங்களுடையவை ஒன்றுகூடச் சதுரமாக இல்லை. எல்லாம் ஒரு பக்கம் ஒடுங்கி, நெருக்கிப் பிடித்த மாதிரி நீளவாக்கில் கிடந்தன. அந்த அம்மா ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் தடித்தடியாக மடிப்பு. கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டிய இடத்தில் முக்கால் அங்குலம்.

"எதுக்குக்கா இவ்வளவு துணிய உள்ள விட்டீங்க?"

"உள்ளுக்குத் துணி விடாமல் தைக்கிறது என்ன தையல்? பிறகு இறுகினால் என்ன செய்யிறது?"

"இது ஜாக்கெட்டா? போர்வை பெருக்குமாக்கா?"

சுற்றி நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என் குரல் புரிந்தது. அந்த அம்மா நல்ல மனுஷி. பின்னால் தடித்திருக்கிற துணியை வெட்டி எறிந்துவிடுங்கள், இல்லையென்றால் ஊசி உடையும். குறைகிற அகலத்துக்கு இன்னொரு பட்டை கூட்டித் தைத்தால் மாலைக்குள் முடிந்துவிடும் என்றார். கத்தரிக்கோலை எடுத்து என் கையிலும் கொடுத்தார். நீங்கள் குனிந்து உங்கள் சதுரங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டீர்கள்.

"வெட்டினால் திரும்பி வருமோ? பிறகு பாப்பம்."

இதைச் சொல்லிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டீர்கள். ஞாயிறு மதியம் வரை நான் ஊரார் போர்வைகளுக்கு முனை பிடித்தேன். நீங்கள் சுட்ட சோளம் வாங்கித் தின்று, காலை நனைத்துக்கொண்டு, புடைவை ஓரமெல்லாம் மணலாகத் திரும்பி வந்து, "நல்ல தண்ணி, நீரும் வந்திருக்கலாம்" என்றீர்கள். அந்த நிமிஷத்தில் உங்களைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது. திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். லிப்டில் பையை என் கையில் திணித்து, "நீரே வச்சிரும். சித்திரை வருசத்துக்கு ஊருக்குப் போயிட்டு வந்து செய்வம், இல்லாட்டி அடுத்த முறை முகாமில செய்வம்" என்றீர்கள்.

சித்திரைப் புத்தாண்டுக்கு லீவில் போனீர்கள். வருஷம் பிறந்து சில நாளில், கோயிலுக்குப் போய் வந்து கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை என்று உங்கள் தம்பி போன் செய்தார். நான் புறப்பட எனக்கு லீவு கிடைக்கவில்லை. சொந்தமா என்று மேனேஜர் கேட்டான். என்ன சொந்தம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லுங்கள்.

அதற்கப்புறம் எனக்கு லைசென்ஸ் கிடைத்தது. அதையும் உங்களிடம் சொல்ல முடியாமல் போனது எரிச்சல்தான்.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். மகள் வருவதற்குள் மேல்துணியையாவது முடித்தாக வேண்டும், வேறு வழியில்லை. அந்த அம்மா சொன்னபடியே வெட்டிவிட்டு ஒரு பட்டையைக் கூட்டுவோம் என்று உங்கள் சதுரம் ஒன்றை எடுத்துத் திருப்பிப் போட்டேன். கத்தரிக்கோலைத் துணி ஓரத்தில் வைத்தும் விட்டேன். அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு தையல் இல்லை, மூன்று தையல், பக்கத்தில் பக்கத்தில் மூன்று வரி.

ஜாக்கெட்டுக்குப் போடுவதுதானே! பக்கவாட்டில் மூன்று வரி ஓட்டுவது. உடம்பு ஒரு சுற்றுப் பெருத்தால் ஒரு வரியைப் பிரிப்பது, இன்னும் பெருத்தால் அடுத்ததை. எனக்கே என் ஜாக்கெட்டுகள் எல்லாம் கடைசி வரியில்தான் நிற்கின்றன. அதை நீங்கள் போர்வைக்கும் போட்டு வைத்திருக்கிறீர்கள். முகாமில் இதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. எல்லாரும் மடிப்பின் தடிமனைத்தான் பார்த்தோம்.

பிளேடை எடுத்து உள் வரியைப் பிரித்தேன். அடுத்த வரியையும் பிரித்தேன். இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தியதும் துணி விரிந்து கொடுத்தது. உள்ளே மறைந்திருந்த கைத்தறி, நிறம் கொஞ்சமும் வெளுக்காமல் வெளியே வந்தது. ஓரத்து வரி மட்டும் மிச்சம் நின்றது. அளவுகோலை வைத்தேன். சரியாகக் கால் அங்குலம். நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அதே கால் அங்குலம், நூல் பிடித்த மாதிரி நேராக. சதுரம் சதுரமாகிவிட்டது. என்னுடையதன் மேல் வைத்தால் மூலைக்கு மூலை பொருந்துகிறது.

எல்லாமே அப்படித்தான் அக்கா. முதலில் நான் சொன்னபடி ஒழுங்காகத் தைத்திருக்கிறீர்கள். பிறகு அதை நம்பாமல் இன்னும் இரண்டு வரியை உள்ளே தள்ளி ஓட்டியிருக்கிறீர்கள்.

இதை அன்றைக்கே சொல்வதற்கு என்ன? "ரெண்டு வரியைப் பிரியும், சரியாய் வரும்" என்று ஒரு வார்த்தை. சனிக்கிழமை மாலைக்குள் பிரித்து, ஞாயிறு மெஷினில் ஏற்றி, புத்தாண்டுக்கு நீங்கள் கையோடு கொண்டு போயிருக்கலாம். ஒரு ராத்திரியாவது போர்த்தியிருப்பீர்கள். வெட்டினால் திரும்பி வராது என்றீர்களே, அதற்கு அர்த்தம் இதுதான் என்று விளக்கினால் குறைந்தா போவீர்கள்? நான் கத்தியதில் கோபமா, இல்லை எப்போதும்போல எல்லாம் பிறகுதானா? இனிமேல் யாரிடம் கேட்பேன் இதை! துணிக்கு இத்தனை இடம் விட்டவர், உங்களுக்கென்று சில நாளை விட்டு வைத்திருக்கக் கூடாதா?

அழுதுகொண்டேதான் மிச்சத்தையும் பிரித்தேன். மேல்துணி முழுசாக இணைத்தாகிவிட்டது. டீக்கறைத் துண்டு நடுவில் வருகிறது, மாற்றி வைக்கவில்லை.

முகாம் அம்மாவுக்குப் போன் செய்தேன். இந்த வருஷமும் அதே விடுதி, நாலு மணிக்குள் வந்தால் சனிக்கிழமை மெஷின் உனக்கு என்றார். உங்கள் மகளும் வருகிறேன் என்கிறாள். "ஆன்ட்டி, மேப்ஸ்ல பாத்தன், புது ஹைவேயில ஒரு மணித்தியாலம்தானாம். மத்தியானம் வெளிக்கிட்டாலே ஓகேதானே?"

காலையிலேயே புறப்பட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்டாள். பழைய ரோட்டில் போகிறோம், வழியில் ஒரு மரத்தடியில் நிறுத்த வேண்டும் என்றேன்.

"டைம் இருக்குமா ஆன்ட்டி?" என்று அவள் பதறினாள். கடல் ஓடிப்போகாது என்று என் வாயிலிருந்தே வந்தது. எனக்கு உங்கள் மேல் இன்னும் கோபம் தீரவில்லை அக்கா.