கதவோரச் சீட்

மூதூர்,
வெள்ளிக்கிழமை, அசர் தொழுகைக்குப் பிறகு.

என் கண்ணான தங்கை இன்ஷிராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

டோஹாவில் நீயும் றுவைஸும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. உங்கள் வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் கதைக்கிறீர்கள். இது ஊரே கேட்கிற கதையில்லை. பக்கத்து வீட்டுச் சஜீத் டோஹாவுக்குப் பயணப்படுகிறான், மாசிச் சம்பலோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

என் மகள் ஜுமானாவின் கலியாணத்துக்கு வர ஏலாது, முழங்கால் வலி என்றாய். முழங்கால் நோகிறவள் போன முறை கொழும்பிலிருந்து மூதூர் வரும்வரை ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல் ஏனம்மா இருந்தாய்? எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பாத்ரூம் எங்கே என்று பார்த்தாய். அந்த வெயிலிலும் கறுப்பு உடுப்பு, கதிரையின் நுனியில் இருப்பு. பாம்பின் கால் பாம்பறியும்.

இப்போது என் கதையைக் கேள். சின்னவன் பிறந்த நாளிலிருந்து இருமினால், தும்மினால் எனக்குச் சிறுநீர் கசியும். உம்மாவுக்கும் சொல்லவில்லை. கிண்ணியாவில் மாமி வீட்டில் அவவின் மகள் அசனா ஒரு பகிடி விட, விழுந்து விழுந்து சிரித்தேன். எழும்பப் பார்த்தால் கதிரை நனைந்திருந்தது. என்ன செய்தேன் தெரியுமா? கையிலிருந்த தேத்தண்ணியை வேண்டுமென்றே மடியில் ஊற்றிக்கொண்டேன்! இவளுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது என்று மாமி இன்னும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறா.

தண்ணீரைக் குறைத்தால் நின்றுவிடும் என்று நினைத்தேன். எரிவு வந்ததுதான் மிச்சம். தொழுகைக்குக் கைகால் கழுவி எடுக்கிற ஒழு நிற்காதே என்று நோன்பு இரவுகளில் தறாவீஹ் தொழப் போவதையும் விட்டேன். வீட்டுக்குள் இருந்து தனியாக அழுதேன், இன்ஷிரா.

கடைசியில் திருகோணமலைக்குப் போய் ஒரு பெண் டொக்டரிடம் காட்டினேன். அவ வெட்கப்படவே இல்லை, எனக்குத்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது. பிள்ளை பெற்ற எத்தனையோ பேருக்கு இது இருக்குதாம், ஒருத்தியும் வாய் திறக்கிறதில்லையாம். தண்ணீரை நிறுத்தியதற்கு நல்ல ஏச்சும் விழுந்தது. சிறுநீரை அடக்குகிற மாதிரி உள்ளே இறுக்கிப் பிடித்து விடுகிற பயிற்சியைத் தினமும் செய்யச் சொன்னா. தேத்தண்ணியைக் குறைக்க வேண்டும். அவசரம் வந்தவுடன் ஓடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுத்துப் பழக வேண்டும். அவசரம் கூடினவர்களுக்கு விழுங்குகிற குளிசை இருக்குதாம். கர்ப்பப்பை இறங்கினால் உள்ளே வளையம் வைப்பார்களாம். ஒப்பரேஷன் எல்லாவற்றுக்கும் கடைசியில்தானாம்.

நான் தேங்காய் துருவும்போதுதான் பயிற்சி செய்கிறேன். என் மனிதர், உன் மச்சான் பாயிஸ், இறுகின என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் இப்ப என்ன பிழை செய்தனான் என்று கேட்கிறார்!

முழுக்க நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது சிரிக்கிறேன், வயிறு குலுங்கச் சிரிக்கிறேன். மௌலவியின் மனைவியிடமும் கேட்டேன். ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் துப்புரவு செய்து புதிதாக ஒழு எடுத்தால் போதும், மார்க்கம் யாரையும் வருத்தாது என்றா. இந்த நோன்புக்குத் தறாவீஹ் தொழப் போனேன், அல்ஹம்துலில்லாஹ்.

உனக்கு அப்படி ஒன்றும் இல்லையென்றால் இதைக் கிழித்துப் போடு. இருந்தால், அங்கேயே ஒரு டொக்டரிடம் போ. றுவைஸிடம் சொல்லு, அவர் நல்ல மனிதன்.

ஜுமானா ஒரே பிடிவாதமாக நிற்கிறாள். சாச்சி வந்து மருதோன்றி போட்டால்தான் கையை நீட்டுவாளாம். வேறு யாரையும் தொட விடமாட்டாளாம். நீ வா, என் செல்லமே. உன்னைக் கூட்டிவர வேனில் நானும் வருவேன். கதவோரச் சீட் உனக்கு, பக்கத்துச் சீட் எனக்கு. தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று வழியில் நல்ல பாத்ரூம் எங்கெங்கே இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். வயிறு நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டு வா. உனக்கு அவசரம் வந்தால் என் கையை ஒருதரம் கிள்ளு. வேனை நிற்பாட்டச் சொல்லி நான் சத்தம் போடுகிறேன். யாரும் கேட்டால், ராத்தாவுக்குத்தான் என்று சொல்லு.

அல்லாஹ் உன்னைச் சுகமாக என் வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்னைப் பார்க்கிற ஆசையோடு,
ராத்தா ஸுல்பிகா