ஜட்ஜ் கேட்ட கேள்வி

திருவானைக்காவல்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள யாழினிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் உன் மாமியாரும் நலமாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் உன் மாமியார் பக்கத்திலேயே இருக்கிறார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மாப்பிள்ளை கண்ணில் படும். அதனால்தான் உன் சிநேகிதி ருக்ஸாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளை அவள் டல்லாஸுக்குத் திரும்புகிறாள். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

அன்றைக்குக் காரிலிருந்து அழுதுகொண்டே பேசிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பேரில் நீயும் ஒருத்தி என்றாய். உங்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், குடும்பத்தில் யார் மேலாவது வழக்கு உண்டா என்று ஜட்ஜ் கேட்டாராம். பக்கத்து நாற்காலியில் உங்கள் தமிழ்ச் சங்கத்து அம்மாள் உட்கார்ந்திருந்ததால் இல்லை என்று சொல்லிவிட்டாயாம்.

உன்னைத் திட்ட எனக்கு யோக்யதை கிடையாது. உன் அண்ணன் நவநீதன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான் என்றுதான் உன் புகுந்த வீட்டுக்கு அப்பா சொல்லி வைத்திருக்கிறார். இந்தத் தெருவுக்கும் அதேதான். செவ்வாய்க்கிழமைதோறும் மன்னார்புரம் தாண்டி ஜெயிலுக்குப் போகிறேன், புத்தூரில் கண் டாக்டரிடம் என்று சொல்லிவிட்டு. எதிர்வீட்டு லூர்துராணி பாவம், என் கண்ணுக்காக மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறாள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

நம் வக்கீலிடம் விசாரித்தேன். இங்கேயும் ஒரு காலத்தில் அப்படி ஜனங்களை உட்கார வைத்தார்களாம், அந்த முறையை எடுத்து ரொம்ப வருஷமாகிறதாம். இப்போது ஜட்ஜ் ஒருத்தர்தான். அப்பாடா என்றிருந்தது. நம் தெருவிலிருந்து பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தால் மானம் போயிருக்கும். அப்புறம் யோசித்தேன். அவனை ஜெயிலில் கொண்டுபோய் வைத்த அந்தச் சண்டையில் அடித்தது நவநீதனா, சும்மா கூட நின்றானா, பெற்ற எனக்கே தெரியாது. அதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல உட்காருகிறவர் தன் பயத்தோடு உட்கார்ந்திருந்தால் அவன் கதி என்ன? நீ அங்கே அப்படித்தானே உட்கார்ந்திருக்கிறாய். அங்கே கொலை செய்தான் என்று நிறுத்தியிருக்கிற பையனைப் பார்த்தால் உனக்கு அண்ணன் முகம்தான் தெரியும். செத்தவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள்.

இப்போது உண்மையைச் சொன்னால் தண்டிப்பார்களா, மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் வீடு என்ன ஆகும் என்று கேட்டாய். எனக்கும் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை நவநீதனிடம் இதைச் சொன்னேன். தன் கேஸைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. "என்னால அவளும் மாட்டிக்கிட்டாளாம்மா?" என்றான்.

தனியாகச் சொல்ல விரும்புகிறவர்கள் தன்னிடம் வரலாம் என்று அந்த ஜட்ஜ் சொன்னாராமே. வழக்கு முடிவதற்குள் போய்ச் சொல்லிவிடும்மா. வரும் செவ்வாய்க்கிழமை லூர்துராணியிடம் எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் நானும் பஸ் ஏறப்போகிறேன்.

மேலே கிழித்துப் போடு என்று எழுதியிருக்கிறேன். வேண்டாம். மாப்பிள்ளை கையில் கொடு.

அகிலாண்டேஸ்வரி உனக்கு வாய் கொடுக்கட்டும்.

உன் அண்ணனையும் பெற்ற,
ஆனந்தவள்ளி